பள்ளத்தூர் வீட்டுப் பிள்ளைகள்

கானாடுகாத்தான் அயித்தை: ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் வைத்தே கட்டியைக் கரைக்கிறார்களாம், கீமோவே வேண்டாமாம். அண்ணனுக்கு, அதான் உங்கள் அப்பச்சிக்கு, செவ்வாய்க்கிழமை கீமோ ஊசியைத் தள்ளிப் போடலாமா?

தேனு ஆச்சி: அப்பச்சியும் கேட்டுவிட்டார்கள். காலையிலிருந்து பட்டாலையில் உட்கார்ந்து இதே பேச்சுதான்.

பெங்களூர் தம்பி: அயித்தை, தள்ளவே வேண்டாம். அல்ட்ராசவுண்டால் கட்டியைச் சுடுகிற வைத்தியம் தனியாக இருக்கிறது. அந்த மெசேஜில் சொல்வது வேறு. கீமோ மருந்தைக் கட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. மருந்து இல்லாமல் இது இல்லை.

தேனு ஆச்சி: ரத்தத்தில்தானே ஏற்றுகிறார்கள், தானாகப் போகாதா?

பெங்களூர் தம்பி: கணையக் கட்டியைச் சுற்றி நார் கெட்டியாக இருக்கும், ரத்தக் குழாயை நெரிக்கும். விசேஷத்துக்கு வந்தவர்கள் முகப்பிலேயே வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினால் இரண்டாங்கட்டில் பந்திக்கு யார் உட்காருவது? மருந்தும் அப்படித்தான்.

அயித்தான்: சரி, அல்ட்ராசவுண்ட் சத்தம் போய் என்ன செய்யும்?

பெங்களூர் தம்பி: கூடவே வாயு நிரப்பிய நுண்குமிழிகளை ஊசியில் ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் சிவப்பணு அளவுதான். கட்டி இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் பட்டதும் குமிழி சுருங்கி விரிந்து குழாய்ச் சுவரை அசைக்கும். இடுக்கு கொஞ்சம் திறக்கும், மருந்து உள்ளே இறங்கும்.

அயித்தான்: மனிதருக்குச் செய்திருக்கிறார்களா, எலிக்கு மட்டும்தானா?

பெங்களூர் தம்பி: நார்வேயில் பெர்கன் ஊரில், கணையப் புற்றுக்கே. 2016இல் முடிவு வந்தது. ஜெம்சிடபின் என்கிற கீமோ மருந்தோடு இதையும் சேர்த்தவர்களுக்கு இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 17.6 மாதம். அந்த மருந்து மட்டும் போட்ட பழைய நோயாளிகளுக்கு 8.9.

தேனு ஆச்சி: இரண்டு மடங்கா! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

பெங்களூர் தம்பி: மொத்தமே 10 பேர் ஆச்சி. பழைய ரெக்கார்டோடு ஒப்பிட்டது, சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்ததில்லை. அதை வைத்து அப்பச்சிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கானாடுகாத்தான் அயித்தை: காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தோமே, அந்த மெஷினை இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னால்?

பெங்களூர் தம்பி: சிரிக்கவில்லை அயித்தை. பெர்கனிலும் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினைத்தான் இதற்கென்று மாற்றி அமைத்தார்கள். ஆனால் உடம்பில் குமிழியும் மருந்தும் இருக்கும் நேரத்தில் வைக்க வேண்டும். வெறும் ஸ்கேன் படம்தான் காட்டும்.

அண்ணமிண்டி: செவ்வாய் காலை 5 மணிக்குக் கார் சொல்லியாச்சு. கஞ்சி நான் ஃபிளாஸ்க்கில் தருகிறேன்.

தேனு ஆச்சி: அப்பச்சி கேட்கச் சொன்னார்கள், அது சோடாவில் வருகிற குமிழியா?

பெங்களூர் தம்பி: 😄 இல்லை. சோடா வாயு சட்டென்று கரைந்துவிடும். இது ரத்தத்தில் லேசில் கரையாத வாயு, மேலே மெல்லிய கொழுப்புத் தோல்.

தேனு ஆச்சி: சொல்லிவிட்டேன். நீ வரும்போது கோலி சோடா வாங்கிவர வேண்டுமாம்.