மறு: ஸ்பார்க் ப்ளக் – ‘ஹீட் ரேஞ்ச்’ என்பதற்கு என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

வண்டி உதிரிபாகங்களுக்கான நம் தமிழ்ச் சொல் பட்டியலில், என்ஜினில் பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக்குக்குச் சொன்ன ‘தீப்பொறிச் செருகி’ எனக்குச் சம்மதம். பொறி தாவும் கேப்புக்குப் ‘பொறியிடைவெளி’, மரையுள்ள பகுதியின் நீளமான ரீச்சுக்கு ‘மரை நீளம்’, இரண்டும் சரி. மரை என்பது மெக்கானிக்குகள் வாயிலேயே இருக்கிற சொல். என் தகராறெல்லாம் ஹீட் ரேஞ்சுக்குச் சொன்ன ‘வெப்ப வீச்சு’ மீதுதான்.

வெப்ப வீச்சு என்றால், இத்தனை டிகிரி முதல் இத்தனை டிகிரி வரை தாங்கும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஹீட் ரேஞ்ச் சொல்வது வேறு. முனையில் ஏறும் சூட்டை ப்ளக் எவ்வளவு சீக்கிரம் தான் பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கு (என்ஜினின் மேல்பாகம்) கடத்துகிறது என்பதுதான் அது. உள்ளே பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும். அது ஹாட் ப்ளக். குட்டையாக இருந்தால் விரைவாக இறங்கும். அது கோல்ட் ப்ளக். முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி எரிந்து போகும். 800க்கு மேல் வெகுவாக ஏறிவிட்டால், பொறி வருமுன்பே பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும்.

சென்னை வெயிலுக்குக் கோல்ட் ப்ளக் நல்லதா என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பெயரில் ‘வெப்பம்’ இருப்பதால் வரும் கேள்வி இது. எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டுகிறது. வெளியே கத்திரி வெயிலில் 42 அடித்தால் அதற்கு என்ன? ரேடியேட்டர் சரியாக இருந்தால் போதும். சொல்லப்போனால், அண்ணா சாலையில் ஊர்ந்தே போகும் வண்டிக்குக் கோல்ட் ப்ளக் போட்டால் முனை சூடேறாமல் கரி பிடித்து, பொறி தவறி என்ஜின் திணறும் மிஸ்ஸிங்தான் வரும்.

‘வெப்ப எண்’ என்ற யோசனையும் உதவாது. ஹீட் ரேஞ்சைக் குறிக்க ஒவ்வொரு ப்ளக் கம்பெனியும் மாடல் பெயரில் ஓர் எண் போடுகிறது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் அந்த எண் கூடினால் கோல்ட். பாஷில் எண் கூடினால் ஹாட். என்ஜிகேயின் பிபிஆர்6இஎஸ் ப்ளக்கில் வரும் 6, டென்சோ கணக்கில் 20, பாஷில் ஏறக்குறைய 7. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கம்பெனி மாற்றி வாங்குபவர் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவார். மேனுவலில் போட்டிருக்கும் மாடலுக்கு இணையானதைக் கேட்டு வாங்க வேண்டும். முனையின் உலோகம் இரிடியமா நிக்கலா என்பது தனி விஷயம். இரிடியம் முனை தேய நாளாகும், அதற்குத்தான் கூடுதல் விலை.

டீயை ஆற்றுகிறோம் அல்லவா, ப்ளக்கும் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. அதனால் ‘சூடாற்று வேகம்’ என்று முன்மொழிகிறேன். ஹாட் ப்ளக் ‘மெல்லாற்றுச் செருகி’, கோல்ட் ப்ளக் ‘விரைவாற்றுச் செருகி’. ‘சூடாற்று தரம்’ வேண்டாம். தரம் என்றால் கூடக்கூட உசத்தி என்று ஆகிவிடும். ‘ஆற்று வேகம்’ என்று சுருக்கவும் வேண்டாம், கூவத்தின் வேகமா என்று கேட்பார்கள்.

மெல்லாற்று, விரைவாற்று கொஞ்சம் கரடுமுரடுதான். இன்னும் எளிதாக யாராவது சொன்னால் அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.