48 வோல்ட் சைக்கிள் பேட்டரியில் 12 வோல்ட் ரவுட்டர்: எந்த கன்வெர்ட்டர் தாங்கும்?

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடி பக்கம். ஐப்பசி அடைமழை பிடிச்சா எங்க லைன்ல கரண்ட் எப்ப போகும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. வீட்ல மின்சார சைக்கிள் ஒண்ணு இருக்கு. லித்தியம் அயான் பேட்டரி, 48 வோல்ட் 10 ஏஎச்னு ஒட்டியிருக்கு. சார்ஜர்ல பச்சை விளக்கு வந்ததும் மீட்டர் வச்சா 54.5 காட்டுது. இதுல ஓட்ட வேண்டியது 12 வோல்ட் 1 ஆம்ப் ரவுட்டர், 5 வாட் எல்இடி, ஒரு போன். 2018 கஜா மாதிரி நாள்கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு ராத்திரி தாங்கினா போதும்.

வோல்டேஜைக் குறைக்கிற எல்எம்2596 ஐசி போட்ட சின்ன கன்வெர்ட்டர் போர்டைக் கொடுத்தேன். ஒயர் தொட்டதும் டப்புனு ஐசியில ஓட்டை. அவுட்புட்ல எதுவுமே மாட்டலை. லோடே இல்லாம ஏன் வெடிக்கணும்? மெக்கானிக், "பேக்கைப் பிரிச்சு கீழ் மூணு செல்லுல ஒயர் இழுத்தா 12 வந்துடும்"ங்கறார். செய்யலாமா?

கடைமடை:

லோடு இல்லாதது அந்த ஐசியைக் காப்பாத்தாது தம்பி. எல்எம்2596க்கு இன்புட் உச்சம் 40 வோல்ட்தான். 54 விழுந்ததுமே உள்ளே இருக்கிற சுவிட்ச் டிரான்சிஸ்டர் முறிஞ்சு போகும். போனை மாட்டாம இருந்தது நல்லதாப் போச்சு. இந்த வகை கன்வெர்ட்டர் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், 54 அப்படியே போனுக்குள்ள இறங்கியிருக்கும்.

48ங்கறது பேட்டரிக்கு வச்ச பேரு. உள்ளே 13 வரிசை செல், முழு சார்ஜ்ல ஒவ்வொண்ணும் 4.2, மொத்தம் 54.6. தீரும்போது 40க்கு வந்து நிக்கும். அப்ப "60 வோல்ட் வரை"னு போட்ட போர்டு போதுமேன்னு தோணும். போதாது. ஒயரைச் செருகுற கணத்துல சடக்குனு ஒரு பொறி வருது பாருங்க, அங்கதான் வில்லங்கம். நீள ஒயரோட இண்டக்டன்ஸும் போர்டுல இருக்கிற செராமிக் கப்பாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சல் ஆடும். முதல் ஆட்டத்துல வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகி 100ஐத் தொடலாம். மைக்ரோ செகண்ட் சமாச்சாரம், மீட்டர்ல தெரியாது. போர்டோட இன்புட் முனையிலேயே 100 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் ஒண்ணைக் குறுக்கே வச்சா ஆட்டம் அடங்கும். இதுக்கு சாதா கப்பாசிட்டரே நல்லது. அதோட உள் ரெசிஸ்டன்ஸ்தான் பிரேக். விலை கூடின லோ ஈஎஸ்ஆர், அதாவது உள் ரெசிஸ்டன்ஸ் கம்மியான வகை, இங்க தேவையில்லை. போர்டுல ஏற்கெனவே இருக்கிற இன்புட் கப்பாசிட்டர் மேல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. 60 வோல்ட்னு விற்கிற சிலதுல 50 வோல்ட் கப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும்.

மூணு செல் யோசனையை மறந்துடுங்க. அந்த மூணு வரிசை மட்டும் தினம் கூடுதலா இறங்கும். செல்லுங்களைக் கண்காணிச்சு வெட்டுற பிஎம்எஸ் போர்டு சமன் செய்யறது சில பத்து மில்லியாம்ப்தான், அதால ஈடுகட்ட முடியாது. சார்ஜ் போடும்போது மத்த பத்தும் முதல்ல நிரம்பி பிஎம்எஸ் வெட்டிடும், கீழ் மூணு குறையாவே நிக்கும். ஓட்டும்போது அதே மூணு முதல்ல காலி. கொஞ்ச நாள்ல வண்டி பாதி தூரம்தான் போகும். நாலு லெட் ஆசிட் பேட்டரி வண்டியிலயும் ஒண்ணுல மட்டும் 12 எடுக்கிற பழக்கம் இருக்கு. அங்கயும் அந்த ஒண்ணு சல்ஃபேட் பிடிச்சுச் சாகும், மத்த மூணும் ஓவர் சார்ஜ்ல காயும்.

கும்மோணம் ஒயரிங்:

சின்ன போர்டோட மல்லுக்கட்ட வேண்டாங்க. மின்சார ஸ்கூட்டர் ஸ்பேர் கடையில ஹாரன், லைட்டுக்குப் போடுற டிசி கன்வெர்ட்டர்னு கேளுங்க. அலுமினியப் பெட்டி, உள்ளே கறுப்பு எப்பாக்சி ஊத்தி அடைச்சிருக்கும், மழை ஈரம் போகாது. இன்புட் 36 முதல் 72 வரை, அவுட்புட் 12னு லேபிள்ல இருக்கணும். 10 ஆம்ப்னு எழுதியிருந்தா தொடர்ந்து 5 எடுக்கலாம்னு வச்சுக்குங்க. உங்களுக்கு 3கூட வராது.

பேட்டரி கழற்றுற கனெக்டர் இருக்கே, அங்கிருந்துதான் பிளஸ், மைனஸ் ரெண்டும் எடுக்கணும். பேக்குக்குள்ள போய் செல் மைனஸ்ல பற்றவச்சா பிஎம்எஸ்ஸைத் தாண்டிப் போயிடுவீங்க. அது பெரும்பாலும் மைனஸ் பக்கம்தான் வெட்டும். விடிய விடிய ரவுட்டர் ஓடி செல் 2 வோல்ட்டுக்குக் கீழ போனாலும் அதால வெட்ட முடியாது.

ஃபியூஸ் பேட்டரி பிளஸ்லேருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. கார் பிளேடு ஃபியூஸ் மேல 32னு போட்டிருக்கும், 54 டிசியில அது எரிஞ்சாலும் ஆர்க் அணையாம நிக்கலாம். சோலார் பம்ப்செட் சாமான் விற்கிற கடையில 10க்கு 38 மில்லிமீட்டர் டிசி ஃபியூஸும் ஹோல்டரும் கிடைக்கும், 2 ஆம்ப் வாங்குங்க. சுவிட்சுக்கு அதே கடையில டிசி எம்சிபி. வீட்டு ஏசி சுவிட்ச் வேண்டாம். இன்புட்டுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர், 12 பக்கம் 1.

முதல்ல இன்புட் மட்டும் கொடுத்து அவுட்புட்ல மீட்டர் வையுங்க. ஒயர் நிறத்தை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 12க்குப் பக்கத்துல நிலையா நின்ன பிறகு ரவுட்டர். போனுக்கு அந்த 12லேருந்து கார் சார்ஜர் சாக்கெட் போதும்.

12 பக்கம் 1.5கேஈ15ஏ டிவிஎஸ் டயோடு (வோல்டேஜ் எகிறினா தன் வழியா இழுத்து அடக்குறது) ஒண்ணு குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸ்ல. டிவிஎஸ்னதும் வண்டிக் கம்பெனி ஞாபகம் வரும், இது வேற. கன்வெர்ட்டர் ஷார்ட் ஆனா இந்த டயோடு தானும் ஷார்ட் ஆகி ஃபியூஸை எரிக்கும். டயோடும் ஃபியூஸும் போனாப் போகட்டும், போன் தப்பிக்கும்.

தஞ்சை கேமராக்காரன்:

ரவுட்டர் மட்டும்னா இன்னொரு வழி. சிசிடிவி கடையில பிஓஈ ஸ்பிளிட்டர்னு கேளுங்க (லேன் ஒயர்லயே வர்ற கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி), லேபிள்ல 802.3ஏஎஃப், அவுட்புட் 12 வோல்ட்னு இருக்கணும். அந்தத் தரமே 37 முதல் 57 வோல்ட் வரைக்கும்தான், உங்க பேட்டரி அளவெடுத்த மாதிரி பொருந்தும். லேன் ஒயரை வெட்டி நீலம், நீல வெள்ளையைச் சேர்த்து பிளஸ், பழுப்பு, பழுப்பு வெள்ளையைச் சேர்த்து மைனஸ். ஃபியூஸ் மேலே சொன்னதுதான். இழுக்கிறது 13 வாட்டுக்குள்ள இருக்கணும், அதனால எல்இடியை இதுல சேர்க்காதீங்க. 12, 24 வோல்ட்டுக்கான மலிவு ஸ்பிளிட்டர் பார்க்க இதே மாதிரி இருக்கும். அது வெறும் ஒயர், வோல்டேஜைக் குறைக்காது. 16 செல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி 58.4 வரை போகும், அதுக்கும் நாலு லெட் ஆசிட்டுக்கும் இது ஆகாது.

வெண்ணாற்றங்கரை:

ரொம்ப நன்றிண்ணே. கன்வெர்ட்டரே வாங்கிட்டேன். நாலாவதா மெல்லிசா ஒரு ஒயர் இருக்கு, அவுட்புட் ஜீரோ. அப்புறம், சார்ஜ் ஏறும்போதே ரவுட்டர் ஓடலாமா?

கும்மோணம் ஒயரிங்:

அது சாவி ஒயருங்க. பெரும்பாலும் இன்புட் பிளஸ்ஸோட சேர்த்தாதான் முழிக்கும், லேபிள் படத்தை ஒரு தடவை பார்த்துட்டுச் சேருங்க. உங்க எம்சிபியை அந்த ஒயர்ல மட்டும் போடாதீங்க, முழு இன்புட்லயே இருக்கட்டும். லோடு இல்லாம 10 மில்லியாம்ப் இழுத்தாக்கூட 10 ஏஎச் பேட்டரி ஆறு வாரத்துல காலி.

சார்ஜ் ஏறும்போது ஓட்டாதீங்க. கரண்ட் நல்லாக் குறைஞ்சாத்தான் சார்ஜர் பச்சைக்கு மாறும். ரவுட்டர் கால் ஆம்ப் இழுத்துக்கிட்டே இருந்தா அந்தக் குறைவு வராது, செல் ராத்திரி முழுக்க 4.2லயே நிக்கும்.