சொராணி குர்திஷ் டிடிஎஸ்: மாடல் எழுத்துகளை விழுங்குகிறது, உதவி தேவை

மணல்மேடு:
வணக்கம். ஈராக்கின் சுலைமானியாவில் இருக்கும் நண்பரின் குழுவுக்காக, சொராணி (அரபு எழுத்தில் எழுதும் குர்திஷ் வகை) எழுத்தைப் பேச்சாக மாற்றும் (டிடிஎஸ்) மாடல் ஒன்றைப் பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறேன். விட்ஸ் வகை மாடல், கோக்கி என்ற டிடிஎஸ் நூலகம், ஒரே பெண் குரல், 22050 ஹெர்ட்ஸ், ஸ்டூடியோ பதிவு. ஃபோனீம் (ஒலிக்குறி) எதுவும் போடவில்லை, அரபு எழுத்தை அப்படியே கொடுக்கிறேன். குரலில் குறை இல்லை, கேட்க நன்றாகவே இருக்கிறது. தொல்லை வேறு இடத்தில். பயிற்சித் தரவின் வாக்கியங்களை ஒழுங்காகப் படிக்கும் மாடல், செய்தித் தளத்திலிருந்து எடுத்து ஒட்டினால் 'க' வரும் இடமெல்லாம் கோட்டை விடுகிறது. குர்திஸ்தான் 'உர்திஸ்தான்' ஆகிவிடுகிறது. அது போக, அதிகம் புழங்காத சொற்களில் உயிரொலியே இல்லாமல் மெய்யெல்லாம் ஒன்றோடொன்று இடித்து விக்கல் மாதிரி வருகிறது. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறையான என்எஃப்கேசி ஏற்கெனவே போட்டாயிற்று. இன்னும் கொஞ்சம் ஓட விட்டால் சரியாகுமா?

கம்பிவடம்:
ஓட விடாதீர்கள், ஜிபியு காசுதான் வீண். 'க' போவதற்கும் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லை. டெர்மினலில் மேலே போய்ப் பாருங்கள், எழுத்துப் பட்டியலில் இல்லாததைக் கழித்துவிட்டதாக ஒரு எச்சரிக்கை வரி இருக்கும். கோக்கி பிழை காட்டி நிற்காது, அதை அச்சிட்டுவிட்டுப் பேசாமல் மேலே போய்விடும்.

செய்தியை யாரோ அரபு விசைப்பலகையில் அடித்திருக்கிறார்கள். பைத்தானில் எழுத்தின் யூனிகோடு எண்ணைக் காட்டும் ஓஆர்டி போட்டுப் பாருங்கள்: அரபு காஃப் ('க' எழுத்து) 1603, குர்திஷ் காஃப் 1705. சொல்லின் நடுவில் வந்தால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். 'ய' எழுத்தான யேவும் அப்படியே, 1610 ஒன்று, 1740 ஒன்று. யூனிகோடு இவற்றைத் தனித்தனி எழுத்தாக வைத்திருப்பதால் என்எஃப்கேசி ஒன்றாக்காது. இதையெல்லாம்விட வம்பு பிடித்தது 'ஹ' எழுத்தான ஹே. 'எ' உயிருக்கு 1749 வர வேண்டும்; பழைய கோப்புகளில் 1607 அடித்து, பின்னால் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி 8204ஐச் சேர்த்து வைத்திருப்பார்கள். சுத்தம் செய்கிறேன் என்று 8204ஐ முதலில் தூக்கிவிட்டால், மிஞ்சுவது 'ஹ'வா 'எ'வா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அந்த ஜோடியை 1749 ஆக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. கையால் எழுத வேண்டாம் என்றால் குர்திஷுக்கான ஆசோசாஃப்ட் நூலகத்தில் நார்மலைசர் (எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கருவி) இருக்கிறது, கேஎல்பிடி என்ற குர்திஷ் கருவித் தொகுப்பிலும் இருக்கிறது.

நெட்டெழுத்து:
விக்கலுக்குக் காரணம் வேறு. சொராணியில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதிவிடுவார்கள், குறுகிய 'இ' ஒன்றைத் தவிர. அதற்குப் பெயர் பிஸ்ரோக்கே, எழுத்தே கிடையாது. 'கிர்தின்' என்றால் செய்தல். எழுத்தில் க், ர், த், ன் என்று நான்கு மெய் மட்டும்தான் இருக்கும். 'மின்' (நான்), 'தில்' (இதயம்) இரண்டும் இரண்டிரண்டு மெய்தான். அடிக்கடி வரும் சொல்லில் மாடல் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும், அரிய சொல்லில் திணறும். நீங்கள் சொல்வதும் அதைத்தானே. நம் 'க' இடத்துக்கு ஏற்ப ஒலி மாறினாலும் எழுத்தாவது கண்முன் இருக்கிறது, இங்கே அதுவும் இல்லை. போதாததற்கு வாவ் என்ற எழுத்து சில இடத்தில் 'வ', சில இடத்தில் 'உ'. யேவும் 'ய', 'ஈ' என்று இரட்டை வேடம்.

குர்மாஞ்சி என்ற இன்னொரு குர்திஷ் வகைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1932இல் தொடங்கிய ஹவார் இதழில் ஜெலாதெத் பெதிர்கான் கொண்டுவந்த லத்தீன் எழுத்தில் அந்தக் குறுகிய 'இ'க்கும் தனி எழுத்து உண்டு. உங்களுக்கு வழி, முன்னால் ஒரு ஜி2பி (எழுத்தை ஒலியாக்கும் நிரல்) வைத்து ஃபோனீமாக மாற்றிக் கொடுப்பதுதான். அசை விதிப்படி 'இ'யைச் செருகினால் பெரும்பாலும் சரியாக வரும், வராதவற்றுக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல். ஆசோசாஃப்டிலேயே ஜி2பியும் இருக்கிறது. ஆனால் மாடலைத் திரும்பப் பயிற்றுவித்தே ஆக வேண்டும்.

ஓலைப்பெட்டி:
பலர் குரல் கொடுத்த காமன் வாய்ஸ் பதிவுத் தொகுப்பில் சொராணி இருக்கிறதே, அதையும் சேர்த்தால் தரவு கூடுமே?

நெட்டெழுத்து:
வேண்டாம். பல பேர், பல மைக், பின்னால் வண்டிச் சத்தம். ஒற்றைக் குரல் மாடலில் கலந்தால் இருக்கும் குரலும் கெடும். அதில் ஒரு ஏஎஸ்ஆர் (பேச்சை எழுத்தாக்கும் மாடல்) பயிற்றுவித்து, டிடிஎஸ் பேசுவதை அதனிடம் கொடுத்து எந்தச் சொல் உடைகிறது என்று பார்க்கலாம், அதற்கு அது நல்ல சரக்கு.

மணல்மேடு:
நார்மலைசர் போட்டதும் 'க' உடனே வந்துவிட்டது, பயிற்சியைத் தொடவே இல்லை. ஜி2பியோடு புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது, கிர்தின் இப்போதே தெளிவாகக் கேட்கிறது. இன்னும் ஒன்று: சொல்லின் முதலில் வரும் 'ர' சில நேரம் மெலிந்து போகிறது.

கம்பிவடம்:
சொராணியில் சொல் முதல் 'ர' எப்போதும் அழுத்தமான உருட்டு 'ற'தான், அதற்குத் தனி எழுத்தும் உண்டு, ஆனால் முதலில் வந்தால் பலர் சாதா 'ர' போட்டே எழுதிவிடுவார்கள். ஜி2பிக்கு முன்னால், சொல்லின் முதலில் 'ர' வந்தால் உருட்டு 'ற' என்று ஒரு விதி சேருங்கள், பயிற்சித் தரவிலும் அதே விதி ஓடட்டும்.

மணல்மேடு:
சரி, இப்போது ஓடுவதை நிறுத்திவிட்டு அதையும் சேர்த்தே ஓட்டுகிறேன்.