ராஸ்பெர்ரி பையில் எந்த ஓஎஸ் போட்டீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

ராஸ்பெர்ரி பை ஒரே போர்டில் அடங்கிய சின்ன கம்ப்யூட்டர், ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) மெமரி கார்டில் எழுதிச் செருக வேண்டும். எந்த போர்டு, என்ன வேலை என்று சொல்லாமல் "எந்த ஓஎஸ் நல்லது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. என்னிடம் பை 4 ஒன்றும் பழைய பை ஜீரோ டபிள்யூ ஒன்றும் இருக்கின்றன. ஜீரோவில் பெரிதாகத் தேர்வே இல்லை. அதன் சிப் ஏஆர்எம்வி6 என்ற பழைய 32 பிட் வகை, 64 பிட் ஓடாது, உபுண்டு லினக்ஸும் அதற்குக் கிடையாது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் லைட் (டெஸ்க்டாப் இல்லாத) பதிப்பைப் போட்டேன், வேலை முடிந்தது.

யோசிக்க வேண்டியிருந்தது பை 4-க்குத்தான். அதில் ஏற்கெனவே 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ஓடிக்கொண்டிருந்தது. டாக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் கருவி) ஒன்றிரண்டு சேவைகளை ஓட்டலாம் என்று பார்த்தால், எனக்கு வேண்டிய இமேஜ்கள் (அந்தப் பொதிகள்) 64 பிட்டுக்கு மட்டும்தான் இருந்தன. டெர்மினலில் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எது என்று கேட்டால் "ஏஆர்ச்64" அதாவது 64 பிட் என்கிறது, மென்பொருள் நிறுவும் பேக்கேஜ் மேனேஜரைக் கேட்டால் "ஏஆர்எம்ஹெச்எஃப்" அதாவது 32 பிட் என்கிறது. தலை 64, உடம்பு 32! விஷயம் என்னவென்றால், 2023 முதல் பை 4-இல் 32 பிட் ஓஎஸ் இருந்தாலும் ஃபர்ம்வேர் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) 64 பிட் கர்னலைத்தான் ஏற்றுகிறது. மேலே இருக்கும் மென்பொருள்கள் எல்லாம் பழையபடி 32 பிட்தான். இதை அப்டேட் செய்து முழு 64 ஆக்க ஒழுங்கான வழி கிடையாது. வேண்டிய கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, கார்டைத் துடைத்துப் புதிதாக எழுதினேன்.

கார்டில் எழுதுவதற்கு ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருள் போதும். அதன் செட்டிங்ஸில் யூசர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை, எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழையும் வழி) நான்கையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் மானிட்டரே தேவைப்படாது. பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "பை" என்ற யூசரும் "ராஸ்பெர்ரி" என்ற பாஸ்வேர்டும் 2022 ஏப்ரலோடு போய்விட்டன. கார்டின் பூட் பார்ட்டிஷனில் (ஓஎஸ் தொடங்கும் பகுதி) வைஃபை கோப்பு ஒன்றைப் போட்டு வைக்கும் பழைய தந்திரமும், 2023-இல் புக்வார்ம் என்ற பதிப்பு வந்து, வலையிணைப்பைக் கவனிக்கும் வேலை நெட்வொர்க்மேனேஜருக்கு மாறிய பிறகு பலிப்பதில்லை.

இன்னொன்று. எழுதி முடித்த கார்டைச் செருகினால் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். லினக்ஸ் பார்ட்டிஷனை அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கார்டில் கோளாறு ஒன்றும் இல்லை, கேன்சல் கொடுத்துவிடுங்கள்.

*

அண்ணா, போர்டைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தீர்களே, அதுதான் முக்கியம். பை கிடைக்காத சமயத்தில் பாதி விலைக்கு வேறொரு போர்டு வாங்கினேன். தயாரிப்பாளர் கொடுத்த இமேஜில் இருந்த கர்னல் 3.4. அது 2012-இல் வந்தது! அதன் மேல் புது மென்பொருள் எதைப் போட்டாலும் ஏதாவது ஒன்று இடிக்கும்.

பிசி மாதிரி ஒரே ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) எல்லாவற்றிலும் ஓடாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பிசியில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் ஓஎஸ்ஸுக்குச் சொல்லிவிடும். இந்தச் சின்ன போர்டுகள் பலவற்றில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. எந்த பின்னில் எந்த சிப் என்று எழுதிய டிவைஸ் ட்ரீ கோப்பு ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக வேண்டும். அதை யாராவது எழுதி மெயின்லைன் (எல்லோருக்கும் பொதுவான அதிகாரபூர்வ) கர்னலில் சேர்த்திருந்தால் நமக்கு நல்ல காலம், இல்லையென்றால் தயாரிப்பாளர் கொடுத்த பழைய கர்னலோடுதான் குடித்தனம்.

இப்படிப்பட்ட போர்டுகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியன் என் போர்டுக்கு இருந்தது, பிழைத்தேன். ஈதர்நெட், யூஎஸ்பி எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன, வைஃபை மட்டும் இன்றுவரை சண்டித்தனம்தான். இப்போதெல்லாம் போர்டின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்ம்பியன் தளத்தில் அதன் பெயரைத் தேடிப் பார்த்துவிடுகிறேன்.

*

எங்கள் தோட்டத்து மோட்டார் ஷெட்டில் ஒரு பை 3 இருக்கிறது, தொட்டியின் நீர்மட்டம் பார்க்க. அங்கே கரண்ட் எப்போது போகும் வரும் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடலாம், அடுத்த முறை பூட்டே ஆகாமல் போகலாம். எந்த ஓஎஸ் போட்டாலும் இது உண்டு என்பதால் ஓஎஸ்ஸை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போகும், கார்டு படிக்க மட்டும்தான். அளவீடுகளை வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுகிறேன், அதனால் ரீபூட்டில் எதுவும் போவதில்லை. அப்டேட் செய்ய வேண்டுமானால் ஓவர்லேயை எடுத்து, ரீபூட் செய்து, அப்டேட் முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். கொஞ்சம் சள்ளைதான்.

அப்புறம், கார்டைக் குறை சொல்வதற்கு முன்னால் அடாப்டரைப் பாருங்கள். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் மின்னல் குறி வரும், லைட்டில் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையிடம் கேட்டால் தெரியும். "0எக்ஸ்50000" என்று வந்தால், இப்போது சரி, ஆனால் நடுவில் அழுத்தம் குறைந்து வேகத்தையும் குறைத்திருக்கிறது என்று பொருள். எங்கள் ஷெட்டில் அப்படித்தான் வந்தது. போன் சார்ஜரை எடுத்துவிட்டு 5.1 வோல்ட் அடாப்டர் போட்டதும் நின்றுவிட்டது.

*

பை 5 வாங்கியவர்களுக்கு ஒரு வரி: பழைய புல்ஸ்ஐ (புக்வார்முக்கு முந்தைய பதிப்பு) கார்டைச் செருகினால் பூட் ஆகாது, புக்வார்மோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். லைட் போட்டு மேலே டெஸ்க்டாப் சேர்த்தபோது எனக்குத் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்தில் லோஹித் தமிழ் எழுத்துரு இருக்கிறது, அதை நிறுவியதும் சரியாகிவிட்டது. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்ச ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் போதும்.