கலைச்சொல் வேண்டும்: வைட் ரிசீவர், டிராஃப்ட்

குழுவினருக்கு வணக்கம்.

ஓஹையோவிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் கடைசி வாரம் வந்தால் எங்கள் வீட்டில் அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்டைத் தவிர வேறு பேச்சு இருக்காது. அதன் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.லில் அணிகள் 32. கல்லூரியில் ஆடிய பையன்களை 7 சுற்றுகளில் ஆளுக்கொருவராக எடுத்துக்கொள்வார்கள். போன பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். 1936 முதல் நடக்கிறது.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கு என் மகன் ஒரு கட்டுரை எழுதினான். தலைப்பு: ‘அகலமான பெறுநரை எந்த வரைவில் வரைய வேண்டும்?’ அகராதியைப் பார்த்து அவனே எழுதியது. சிரித்துவிட்டேன். ‘சரி, நீங்களே சொல்லுங்கள்’ என்றான். விழித்தேன். எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் வைட் ரிசீவர், இந்த டிராஃப்ட், இரண்டுக்கும் சொல் தந்து உதவுங்கள்.

* * *

தம்பி,

உங்கள் மகனை வாழ்த்துகிறேன். பிழையாக எழுதினாலும் தமிழில் எழுதியிருக்கிறான். ஆனால் ‘பெறுநர்’ வேண்டாம். நான் முப்பது ஆண்டு பள்ளி ஆசிரியன். அனுப்புநர், பெறுநர் என்று பார்த்தாலே எனக்கு விடுப்பு விண்ணப்பம்தான் கண்முன் வரும். ரிசீவர் என்றால் என் தலைமுறைக்குத் தொலைபேசியில் காதில் வைக்கும் பாகம்.

அவர் மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் என்று படித்தேன். ‘ஓர ஏற்பாளர்’ எனலாம். டிராஃப்டுக்கு ஏன் தனிச்சொல்? ஐ.பி.எல்.லுக்கு நாளிதழ்கள் ‘ஏலம்’ என்று எழுதுகின்றன. அது போதாதென்றால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை இருக்கிறது. ஆள் தெரிந்தெடுக்க நம்மிடம் இல்லாத முறையா?

* * *

ஐயா,

பெறுநர் விஷயத்தில் முழுச் சம்மதம். ஏலத்தில்தான் எனக்குச் சிக்கல். ஏலத்தில் கையில் காசு உள்ளவன் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இங்கே காசுக்கு வேலையே இல்லை. அவரவர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதை வைத்தே பையனின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆகவே ஒரு அணி செலவழிப்பது தன் முறையைத்தான். ‘எவ்வளவுக்கு எடுப்பது’ என்ற கேள்வி இல்லாததால் ‘எப்போது எடுப்பது’ என்று இவ்வளவு சண்டை. சொல்லில் அந்த ‘எப்போது’ தெரிய வேண்டும்.

குடவோலை இதற்குப் பொருந்தாது, குலுக்கல் இல்லையே. கூடைப்பந்து டிராஃப்டில் முதல் சில இடங்களைக் குலுக்கித்தான் தீர்மானிக்கிறார்கள், குடவோலையை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

‘ஓரம்’ பற்றி ஒரு தயக்கம். எதிர்த்தரப்பில், வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கும் ஆள் ஒருவர் உண்டு. டிராஃப்ட் பட்டியல்களில் அவருக்குப் பெயரே ‘எட்ஜ்’. ஓரத்தையும் விளிம்பையும் அவருக்கென்று வைத்திருக்க வேண்டும்.

* * *

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து.

கோல், விக்கெட், பெனால்டி எல்லாம் அப்படியேதான் எழுதுகிறோம். ‘வைட் ரிசீவர்’ என்று எழுதினால் யார் வழக்குப் போடப் போகிறார்கள்? இந்த ஆட்டத்தைத் தமிழில் படிக்கிறவர் நூறு பேர் இருப்பாரா?

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: அந்த நூறு பேரில் ஒருவன் பத்தாம் வகுப்புப் பையன், கட்டுரை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அது போதும்.

எனக்குக் கால்பந்து தெரியாது, பாட்டுச் சொல்லித் தருகிறவள். ஆனால் ‘எப்போது எடுப்பது என்று சண்டை’ என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்களிடம் அதற்குச் சொல் இருக்கிறது: எடுப்பு. தாள வட்டத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் எடுப்பு. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு. தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்கினால் அதீத எடுப்பு, தாளம் தொடங்கிய பிறகு வந்தால் அனாகத எடுப்பு. ஒவ்வொரு அணியும் தன் முறையில் எடுப்பதை ‘எடுப்பு’ என்றும், மொத்த நிகழ்வை ‘முறையெடுப்பு’ என்றும் சொல்லிப் பாருங்களேன். ‘இது என் முறை’ என்று குழந்தைகள் சொல்வார்களே, அந்த முறை.

* * *

அம்மா, நீங்கள் ஆட்டம் தெரியாமலே ஆட்டத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒருவனை அவன் தகுதிக்கு மிக முன்னதாக, பயந்துபோய் எடுத்துவிடுவதற்கு இங்கே தனியாக ஒரு சொல்லே உண்டு. ‘ரீச்’ என்பார்கள். அதற்கு ‘அதீத எடுப்பு’ எவ்வளவு கச்சிதம்! சங்கீதம் தெரியாதவருக்கும் ‘அதீதம்’ என்றால் அளவு மீறியது என்று புரியும். பொறுத்திருந்து பின் சுற்றில் எடுத்தால் அனாகத எடுப்பு. முறையெடுப்பு, எடுப்பு, சுற்று, மூன்றும் என்னளவில் முடிந்தது.

இனி வைட் ரிசீவர். இதற்குச் சொல் தேட, அவரை எப்போது எடுக்க வேண்டும் என்ற சண்டைக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021இல் எங்கள் மாநிலத்து அணியான சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு 5ஆம் எடுப்பு. முந்தைய ஆண்டு முதல் எடுப்பாக வந்த குவார்ட்டர்பேக் ஜோ பரோ, 10 ஆட்டத்தில் 32 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டு, கடைசியில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தார். ஊரே சொன்னது: முன்வரிசையில் நின்று அவரைக் காக்கும் பெனே சூவலை எடுங்கள். அணி எடுத்தது ஜமார் சேஸை, பரோவின் கல்லூரித் தோழரை. நானும் திட்டினேன். வீடு எரியும்போது ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குகிறார்களே என்று.

சேஸ் முதல் பருவத்திலேயே பந்தைப் பிடித்து 1,455 கெஜம் தூரம் குவித்தார். அணி சூப்பர் பவுல் வரை போனது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் பரோவை 7 முறை வீழ்த்தினார்கள், 23–20 என்று தோற்றோம். 7ஆம் எடுப்பாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போன சூவல் இன்று அந்த இடத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். ஆக, இரு கட்சியும் இன்னும் ‘நான்தான் சரி’ என்கின்றன. என் வீட்டிலேயே இரு கட்சி உண்டு.

லயன்ஸ் கதை வேறு. 2003இல் 2ஆம் எடுப்பு, 2004இல் 7ஆம் எடுப்பு, 2005இல் 10ஆம் எடுப்பு, மூன்று ஆண்டும் முதல் சுற்றில் வைட் ரிசீவர். மூன்றாவது முறை அவர்கள் விட்டுவைத்த டிமார்க்கஸ் வேரை அடுத்த எடுப்பிலேயே டாலஸ் அள்ளிக்கொண்டது, அவர் இன்று புகழ் மண்டபத்தில் இருக்கிறார். 2007இல் மறுபடியும் வைட் ரிசீவர், கால்வின் ஜான்சன். மகா ஆட்டக்காரர், குறையே சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு லயன்ஸ் 16 ஆட்டத்திலும் தோற்றது. 2012இல் அவர் 1,964 கெஜம் என்று சாதனை படைத்தபோதும் அணி வென்றது 4 ஆட்டம்தான். பந்தை எறிகிறவனும் அவனைக் காக்கிறவர்களும் அமையாத வீட்டுக்கு முதலில் வாங்கும் சாமான் இதுவல்ல என்பது என் கட்சி. பரோ வந்த பிறகு சேஸ் வந்ததால்தான் எடுபட்டது.

இடையில் ஒன்று. எடுத்தும் பயன்படாமல் போவதற்கு என் மகன் ‘சொத்தை’ என்று எழுதியிருக்கிறான். நல்ல சொல், கத்தரிக்காய் வாங்கினவர் எல்லோருக்கும் புரியும். ஆனால் ‘சொத்தை எடுப்பு’ என்றுதான் எழுத வேண்டும் என்று திருத்தினேன். லயன்ஸ் 2003இல் எடுத்த பையனுக்கு முதல் இரண்டு பருவமும் காறை எலும்பு முறிந்தது. ஆளைச் சொத்தை என்று சொல்ல நாம் யார்?

சரி, சொல்லுக்கு வருகிறேன். 2017இல் டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் ஜான் ராஸ் என்ற வைட் ரிசீவர் 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடினார், அப்போது அதுவே சாதனை. எங்கள் பெங்கால்ஸ் அவரை 9ஆம் எடுப்பாக எடுத்தது. அதே ஆண்டு கூப்பர் கப் 4.62 நொடி எடுத்துக்கொண்டார். மூன்றாம் சுற்றுவரை யாரும் சீண்டவில்லை, 69ஆம் எடுப்பாக ராம்ஸுக்குப் போனார். 2021 பருவத்தில் கப் 1,947 கெஜம். நான் மேலே சொன்ன அதே சூப்பர் பவுலில், ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது வெற்றிப் பந்தைப் பிடித்து எங்களைத் தோற்கடித்தவரும் அவர்தான். ஆட்ட நாயகனும் அவரே. ராஸ் அதற்கு முன்பே எங்கள் அணியை விட்டுப் போயிருந்தார்.

கப் வேகத்தால் ஜெயிக்கவில்லை. தன்னைத் தடுக்க நிற்கும் எதிரணிக் காப்பவன் எந்தக் காலில் பாரம் வைக்கிறான் என்று பார்த்து, அவன் திரும்புவதற்குள் எதிர்ப்பக்கம் விலகிவிடுவார். ஒரு கெஜம் இடைவெளி கிடைத்தால் போதும், பந்து வந்து விழும். அந்த விலகலை நொடிமுள்ளால் அளக்க முடியாது. அளக்க முடிந்ததைப் பார்த்து எடுப்பதால்தான் இந்த இடத்துக்கு இவ்வளவு சொத்தை எடுப்பும், பின் சுற்றுகளில் இவ்வளவு புதையலும். ஆன்டோனியோ பிரவுன் 6ஆம் சுற்று. பூகா நகூவா 2023இல் 5ஆம் சுற்று, 177ஆம் எடுப்பு. அறிமுகப் பருவத்திலேயே 1,486 கெஜம்.

ஆகவே ‘ஓர’ என்ற அடைமொழி எனக்கு இடிக்கிறது. கப் பாதி நேரம் ஓரத்தில் நிற்பதே இல்லை, உள்ளே தள்ளித்தான் நிற்பார். ‘வைட்’ என்பதற்கும் அகலம் பொருளல்ல. வரிசையோடு ஒட்டி நின்ற கடைசி ஆள் ஒரு காலத்தில் விலகிப்போய் நிற்கத் தொடங்கினார், அதுதான் மூலம். நிற்கும்போது வரிசையிலிருந்து விலகுகிறார், ஓடும்போது காப்பவனிடமிருந்து விலகுகிறார், பிறகு பந்தை ஏந்துகிறார். ‘விலகேந்தி’ என்று வைத்தால் என்ன?

* * *

தம்பி,

நீளமாக இருந்தாலும் இரண்டு முறை படித்தேன். சொல் நன்றாகவே இருக்கிறது. இரண்டு ஆட்சேபம். ‘ஏந்தி’ என்றால் கையேந்தி பவன் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது, ‘இ’ விகுதி கருவிக்கு உரியது: ஒலிபெருக்கி, இடிதாங்கி, தொலைபேசி. ஆளுக்கு ‘நர்’ போட்டு ‘விலகேந்துநர்’ என்பதே முறை.

* * *

ஐயா, படகோட்டி? பாம்பாட்டி? வழிகாட்டி? மூவரும் ஆட்கள்தான். ‘விலகேந்துநர்’ என்று வர்ணனையாளர் சொல்லி முடிப்பதற்குள் பந்து கோட்டைத் தாண்டிவிடும்.

கையேந்தி பவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இட்லி அங்கேதான் நன்றாக இருக்கும். தவிர, 2025இல் சேஸ் கையெழுத்திட்ட புது ஒப்பந்தம் 4 ஆண்டுக்கு 16.1 கோடி டாலர். அவரைப் பார்த்து யாரும் கையேந்தி என்று சொல்லப்போவதில்லை.

இந்தத் தொகையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் சுற்றில் எடுத்தால் நான்கு ஆண்டு அடக்கமான சம்பளம், அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் கோப்பை வந்தால் வந்தது. அதன்பின் இந்த விலை. இதைக் கணக்கிட்டுத்தான் சில அணிகள் கப் மாதிரி ஆளை மூன்றாம் சுற்றில் தேடுகின்றன. மகன் தன் கட்டுரையில் ‘குவார்ட்டர்பேக் இருந்தால் முதல் சுற்று, இல்லையென்றால் அனாகத எடுப்பு’ என்று மாற்றி எழுதிவிட்டான். பாட்டு டீச்சருக்கு நன்றி சொல்லச் சொன்னான்.

* * *

தம்பி,

படகோட்டியிடம் தோற்றேன், விலகேந்தியே இருக்கட்டும்.

ஆனால் ஒரு ஐயம். நேற்று இரவு பேரனைக் கணினியில் ஒரு ஆட்டம் போடச் சொல்லி அரைமணி நேரம் பார்த்தேன். பாதிகூடப் புரியவில்லை. வரிசையோடு ஒட்டியே ஒருவர் நிற்கிறார். முட்டுகிறார், தள்ளுகிறார், திடீரென்று ஓடிப் பந்தையும் பிடிக்கிறார். பேரன் ‘டைட் எண்ட்’ என்றான். இவர் விலகவே இல்லையே. ‘ஒட்டேந்தி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். சரியா?

* * *

ஐயா, சரி. பட்டியலில் சேர்த்துவிட்டேன்.