பள்ளிவாரி ரிசல்ட்டை மறைத்தால் யாருக்கு லாபம்?

ஈரோட்டு அப்பா:
பிளஸ் ஒன் சேர்க்கை பற்றிய பேச்சில் கிராமத்து டீச்சர் சொன்னதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பள்ளிவாரியாகத் தேர்ச்சி விவரத்தைப் பொதுவில் போடுவதே பிள்ளைகளின் அந்தரங்கத்தில் கை வைப்பதாம், அதை நிறுத்தியே ஆக வேண்டுமாம். பிள்ளையின் பெயரை யார் கேட்டது? 2017-ல் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது, நானும் அதை வரவேற்றவன்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அந்தரங்கம்? ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாவது பரீட்சைக்குப் போன நாமினல் ரோலில் (தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியலில்) எத்தனை பேர், நடுவில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்து அனுப்பியது எத்தனை பேர், தனித்தேர்வராக எழுதச் சொன்னது எத்தனை பேர், இந்த நாலு எண்ணைத்தான் கேட்கிறேன். பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸில் போடுகிறார்களே "100% தேர்ச்சி", அது எப்படி வந்தது என்று அன்றைக்கே வெளுத்துவிடும்.

கிராமத்து டீச்சர்:
சார், நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டீர்கள். எங்கள் பள்ளியில் பத்தாவது எழுதுவதே 11 பேர். "எழுதியவர்கள் 11, தேர்ச்சி 10" என்று போட்டால் அந்த ஒருத்தி யார் என்று டீக்கடையில் நிற்பவர் கூடச் சொல்லிவிடுவார். பெயர் போடவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம், அவள் இருக்க முடியாது.

ஈரோட்டு அப்பா:
உங்கள் ஊருக்கு அந்த ஒருத்தியை வெப்சைட் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். அவளைக் காட்டி, நானூறு ஐநூறு பேர் எழுதுகிற பெரிய பள்ளிகளின் கணக்கையும் சேர்த்து மூடச் சொல்கிறீர்கள், எனக்குக் கோபம் அதில்தான்.

சட்டம் படித்தவன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 2024 நீட் குளறுபடியின்போது உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? மாணவர்களின் அடையாளத்தை மறைத்து, நகரவாரியாக, மையவாரியாக மதிப்பெண்களை வெளியிடச் சொன்னது, ஜூலை 20-ல் நீட் நடத்தும் தேசியத் தேர்வு முகமை வெளியிட்டது. ஆக, அடையாளத்தை மறைத்துவிட்டுத் தரவைத் திறக்க முடியும். கவலைப்பட வேண்டியது வேறு. தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஒ) பிரிவில் முன்பு தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று இருந்தது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி அந்தப் பொதுநலன் வாசகத்தையே எடுத்துவிட்டது, 2025 நவம்பரில் திருத்தம் அமலுக்கும் வந்துவிட்டது. பள்ளியின் எண்ணைக் கேட்டால் கூட "தனிப்பட்ட தகவல்" என்று திருப்பி அனுப்ப இனி அதிகாரிக்கு ஒரு சாக்கு கிடைக்கும். சின்னப் பள்ளிதான் பிரச்சினை என்றால், பத்துப் பேருக்குக் கீழே எழுதிய பள்ளியின் எண்ணைப் போடாமல் விடலாம்.

கிராமத்து டீச்சர்:
எங்கள் பள்ளியில் 11.

ஈரோட்டு அப்பா:
சரி, பதினைந்துக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பதினாறு பேர் உள்ள பள்ளியைக் கொண்டுவருவீர்களா?

கிராமத்து டீச்சர்:
கொண்டுவருவேன். ரிசல்ட் முடிந்ததும் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசில் மீளாய்வுக் கூட்டம் வைப்பார்கள், தேர்ச்சி குறைந்த பள்ளி ஹெட்மாஸ்டரை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். அவர் திரும்பி வந்து எங்களைக் கேட்பார். அடுத்த வருடம் மெல்லக் கற்கும் பிள்ளையைச் சேர்க்கவே எல்லோரும் தயங்குவார்கள். தனியார் பள்ளி வடிகட்டுகிறது என்கிறீர்களே, பொதுவில் எண்ணைப் போட்டால் அந்தப் பழக்கம் எங்களுக்கும் வந்து சேரும்.

பழைய பெஞ்ச்:
ஆசிரியர்களைக் கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதானே டீச்சர்? மாவட்டவாரியாக மட்டும் போடலாமா? 2025 பிளஸ் டூவில் அரியலூர் 98.82 சதவீதத்தோடு முதலிடம் என்று எல்லாரும் கொண்டாடினோம், அதில் யார் மனம் புண்பட்டது? சம்பளக் கமிஷன் பேச்சு வந்தபோதும் உங்களிடம் இதே அழுகைதான்.

கிராமத்து டீச்சர்:
சம்பளத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? உங்கள் பையன் எந்தப் பள்ளியில் படித்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுங்கள், அதுவும் தரவுதானே.

பழைய பெஞ்ச்:
அது என் குடும்ப விஷயம்.

கிராமத்து டீச்சர்:
அந்த ஒருத்திக்கும் குடும்பம் இருக்கிறது.

ஈரோட்டு அப்பா:
மறுபடியும் அந்த ஒருத்தி! நான் கேட்ட நாலு எண்ணில் ஒன்றுக்காவது பதில் வந்ததா? என் அக்கா மகளை ஒரு பள்ளியில் ஒன்பதாவது அரையாண்டு முடிந்ததும் கூப்பிட்டு, "நீங்களாகவே டிசி வாங்கிக்கொண்டால் நல்லது" என்றார்கள். கணக்கில் 28 மார்க். மார்க் ஷீட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு மேஜையில் வைத்தார்கள், பக்கத்திலேயே டிசி விண்ணப்பம், கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் பள்ளி அடுத்த வருடம் 100% போட்டது. அவள் எந்தப் பட்டியலிலும் இல்லை, தோற்றவர் கணக்கிலும் இல்லை. நீங்கள் காப்பாற்றுகிற அந்தரங்கம் அவளுக்கு எந்த விதத்தில் உதவியது? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பள்ளிகள் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவுகின்றன என்று பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2025-ல் அதையும் எடுத்துவிடுவதாக அறிவித்தாயிற்று. இனி பதினொன்றாவதில் எத்தனை பேர் கழன்றார்கள் என்று வெளியே தெரிய ஒரு வழியும் குறைந்தது.

சட்டம் படித்தவன்:
பிளஸ் ஒன் தேர்வை எடுத்தது நல்ல முடிவு. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதவைத்துப் பிள்ளைகளைப் பிழிந்தது போதாதா?

ஈரோட்டு அப்பா:
தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று நான் பேசவே இல்லை, எண்ணைக் கேட்கிறேன். நீங்களும் பேச்சை மாற்றாதீர்கள் தம்பி.

சட்டம் படித்தவன்:
உங்களுக்காகத்தான் சட்டத்தையே எடுத்துச் சொன்னேன், அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

கிராமத்து டீச்சர்:
படித்தேன். பத்துப் பேர் வரம்பு எங்களுக்கு உதவாது. அக்கா மகளுக்கு நடந்தது அநியாயம், ஆனால் அதற்கு அந்தப் பள்ளியின் மேல் புகார் கொடுங்கள், எங்கள் 11 பேரைத் தெருவில் நிறுத்தாதீர்கள்.

ஈரோட்டு அப்பா:
புகாரோடு எந்த ஆதாரத்தை வைப்பது? ஒன்பதாவதில் எத்தனை பேர், பத்தாவதில் எத்தனை பேர். அந்த எண்ணைத்தானே தர மாட்டேன் என்கிறீர்கள்.