செல்வியின் களைப்பும் சின்சே தந்த பொட்டலமும்

குழு: தாத்தா வீட்டார், சிங்கப்பூர்

பெரியம்மா: லூப்பஸ் நோய் வந்ததிலிருந்து செல்வியின் முகத்தில் களையே இல்லை. மூங்கில் கழியில் நாலு துணி காயப்போட்டாலே படுத்துவிடுகிறாள். சைனாடவுனில் எனக்குத் தெரிந்த சின்சேயிடம், அதான் சீன வைத்தியரிடம், சொல்லிக் கஷாயப் பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குள் தெம்பு வந்துவிடும் என்கிறார். யார் வந்து எடுத்துப் போகிறீர்கள்?

முரளி அண்ணன்: நான் வருகிறேன், அம்மா.

சித்தப்பா: கொஞ்சம் பொறுங்கள், அண்ணி. சின்சே எழுதிக் கொடுத்த தாளைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பெரியம்மா: போட்டுவிட்டேன். மாமாவின் மூட்டுவலிக்கு மருந்து வாங்கியபோதும் தம்பி இப்படித்தான் தடுத்தார்.

அத்தை: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், அண்ணி.

சித்தப்பா: என் பழைய மருந்தகத் தோழர் தாளைப் படித்துச் சொன்னார். ஹுவாங் சி என்ற வேர், ஜின்செங், கான் சாவ், டாங் குய், காய்ந்த ஆரஞ்சுத் தோல் உள்பட எட்டுச் சரக்குகள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லி துங்யுவான் என்ற மருத்துவர் வகுத்த ‘பு ஜோங் யி சி தாங்’ என்ற கஷாயம் இதுதான். உண்ட உணவைச் சக்தியாக மாற்றும் இடம் தளர்ந்தால் உடம்பு சோர்ந்துபோகும் என்பது அவருடைய கொள்கை. இன்றைக்கும் சீனா, ஜப்பான் வரையில் களைப்புக்குக் கொடுக்கிறார்கள் என்பதால் இதை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் லூப்பஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது, அதை அடக்கத்தான் செல்வி மைக்கோபினோலேட் மாத்திரை சாப்பிடுகிறாள், ஹுவாங் சியோ அந்தச் சக்தியைத் தூண்டிவிடக்கூடியது. கான் சாவ் நம் அதிமதுரத்தின் இனம். அது செல்வி சாப்பிடும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உடம்பில் தங்கும் நேரத்தை நீட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அவளுக்கு ஏற்கெனவே சிறுநீரில் புரதம் போகிறது.

அத்தை: தம்பி, நீளமாக எழுதுவதில் நீ அப்படியே அம்மா. லெய் கோங் டெங் என்று ஒரு வேர் இருக்கிறதாமே, அது மூட்டு முடக்குவாதத்துக்கு நல்லது என்று காணொளியில் சொன்னார்கள். அதைக் கொடுக்கலாமா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம், அக்கா. முடக்குவாதத்தில் அதற்குப் பலன் உண்டு என்று ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் மாதவிடாய் நின்றுபோகும், வெள்ளையணுக்கள் சரியும். கல்யாணம் ஆகவேண்டிய பெண் அவள்.

பெரியம்மா: கல்யாணப் பேச்சை நீங்களே எடுத்துவிட்டீர்கள். ஈப்போ வரனுக்கு என்ன பதில் சொல்வது?

முரளி அண்ணன்: அம்மா, முதலில் மருந்தை முடிவுசெய்வோம்.

செல்வி: நானே சொல்கிறேன். காலையில் தலை சீவும்போது கை பாதியிலேயே இறங்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவளைப் போலத்தான் இருக்கிறேன். நோய் அடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது, இந்தக் களைப்பை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பெரியம்மா ஒருவர்தான் அதை நோயாக மதித்துக் கேட்டார்.

சித்தப்பா: செல்வி, உன் களைப்பு பொய்யென்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நோய் அடங்கிய பிறகும் லூப்பஸ்காரர்கள் பலருக்கு அது விடுவதில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேள். சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போகும் நடைப்பயிற்சியால் களைப்பு குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நீயாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதே. அண்ணி, இன்னொன்று கேட்கிறேன்: சின்சே இவள் நாடியைப் பிடித்தாரா, நாக்கைப் பார்த்தாரா?

பெரியம்மா: இல்லை. நான் சொன்னதைக் கேட்டுத்தான் கட்டிக் கொடுத்தார்.

சித்தப்பா: அப்படியானால் சீன வைத்திய முறைப்படியே இது சரியில்லை. ஒரே நோய்க்கு ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றுவதுதான் அவர்களுடைய வழக்கம்.

முரளி அண்ணன்: தோங் சாய் சீன வைத்தியசாலையில் கேட்கலாமே? 1867 முதல் இனம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்கள்.

சித்தப்பா: கேட்கலாம். அங்கே பார்க்கும் வைத்தியர், சீன வைத்தியர்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பார்த்து, செல்வியின் மாத்திரைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் அவளுடைய டாக்டர் இந்தத் தாளைப் பார்க்கட்டும்.

அத்தை: பொட்டலத்துக்குக் கொடுத்த பணம் என்னாவது?

பெரியம்மா: பணம் போனால் போகட்டும். ஹுவாங் சி இல்லாமல் மாற்றித் தருவாரா என்று சின்சேயிடம் கேட்கிறேன்.

செல்வி: வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். தாளைக் கொண்டுபோகிறேன். பெரியம்மா, நீங்களும் கூட வாருங்கள்.

பெரியம்மா: வருகிறேன் கண்ணு. அதுவரை பொட்டலம் என்னிடமே இருக்கட்டும்.

முரளி அண்ணன்: வியாழன் எனக்குப் பகல் வேலை. சித்தப்பா, காரை நீங்கள் எடுக்க முடியுமா?

சித்தப்பா: மணி எத்தனை என்று சொல்லுங்கள், பார்க்கிறேன்.